நாலு பத்துக்குள் ஒரு கருத்து

வேம்பன்வயல் அரசு உயர்நிலைப் பள்ளிக்குக் கருத்து வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மினி லாரியில் வந்தது. நாலு அட்டைப்பெட்டி. அலுவலக உதவியாளர் முனியசாமி அதை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார் இது, இந்தக் கனம் கனக்குது?"

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைத் தலைமையாசிரியர் ஆத்மநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'மாணவர் கருத்து வளர்ப்பு இயக்கம். ஒன்பதாம் வகுப்பு. தண்ணீர் படாமல் வைக்கவும்.'

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவர் அமுதவல்லி. எனவே பெட்டிகள் அவருடைய பொறுப்பில் விடப்பட்டன. இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் எத்தனையோ திட்டங்களைப் பார்த்துவிட்டார். வாசிப்புக்கு ஒன்று வந்தது. கையெழுத்துக்கு ஒன்று வந்தது. மகிழ்ச்சிக்குக்கூட ஒன்று வந்தது; வாரத்துக்கு இரண்டு பீரியட் மகிழ்ச்சி, அதற்குத் தனிப் பதிவேடு. எல்லாம் வந்த மாதிரியே போயின. போகும்போது பதிவேடுகளை மட்டும் விட்டுவிட்டுப் போயின. அவற்றைப் பூட்டிவைத்திருக்கும் பீரோவுக்கு மேல் இப்போது கருத்தும் ஏறி உட்கார்ந்தது.

திட்டம் என்னவென்றால், பிள்ளைகள் பத்திரிகைகளில் வருகிற மாதிரி கருத்துக் கட்டுரை எழுதப் பழக வேண்டும். படிக்கிறவர் மனதை மாற்ற வேண்டும். அதற்கு முன் ஆசிரியர்களைப் பழக்க வேண்டும் அல்லவா, புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. இயக்கத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் ரகுநாத் பேசினார். நாற்பது வயதுக்காரர். மைக்கைக் கையில் பிடிக்காமல் காதோடு மாட்டிக்கொண்டு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பேசுகிற ஆள்.

"இதுவரைக்கும் நம்ம பசங்க என்ன பண்ணாங்க? மனப்பாடம். இனிமே அது கிடையாது. சொந்தமா யோசிக்கணும். யோசிச்சத தைரியமா எழுதணும். யாருக்கும் பயப்படக் கூடாது. என்ன யோசிக்கணும்ங்கறது கையேட்டுல இருக்கு. பக்கம் பதினாலு."

எல்லாரும் பக்கம் பதினாலைப் புரட்டினார்கள். பன்னிரண்டு தலைப்புகள் இருந்தன. 'மரம் நடலாமா? (நடலாம்)', 'தண்ணீரை வீணாக்கலாமா? (கூடாது)', 'அதிகாலையில் எழுவது நல்லதா? (நல்லது)' என்று ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்திலேயே பிள்ளைகளுடைய சொந்தக் கருத்து அடைப்புக்குறிக்குள் போடப்பட்டிருந்தது.

ஜெகதாப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்திருந்த சேவுகன் என்ற ஆசிரியர் எழுந்தார். "சார், எங்க பிள்ளைக கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக. அப்பன அங்கிட்டுப் புடிச்சிட்டுப் போயிட்டா எப்ப விடுவாங்கன்னுதான் எந்நேரமும் பேச்சு. அத எழுதச் சொல்லலாங்களா?"

ரகுநாத் பரிவோடு சிரித்தார். "அது கருத்து இல்லங்க சார். அது கவலை. கவலைக்கு அடுத்த வருஷம் தனியா ஒரு திட்டம் வருது."

சேவுகன் அதைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அமுதவல்லிக்கும் ஒரு கேள்வி இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் மத்தியானம் கேட்டார். "சார், வகுப்பு நாலு பத்துலேருந்து நாலு அம்பது வரைக்கும்னு போட்டிருக்கு. ஸ்கூல் விடுறதே நாலு பத்துக்குத்தான். பஸ்ஸுக்குப் போற பிள்ளைக என்ன செய்யும்?"

"அருமையான கேள்வி" என்றார் ரகுநாத். "இப்படித்தான் கேள்வி கேக்கணும். இந்தக் கேள்விக்காக மேடத்துக்கு எல்லாரும் ஒரு தடவ கைதட்டுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது.

வகுப்பு ஆரம்பமானது. கட்டுரைக்கு நாலு பாகம் இருக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. என்ன கேட்கிறோம், ஏன் கேட்கிறோம், மாற்றுக் கருத்துக்காரர்கள் என்ன சொல்வார்கள், அவர்களுக்கு நம்முடைய பதில் என்ன. எழுதிய கட்டுரையைப் படம் பிடித்து 'என் கருத்து' என்ற செயலியில் ஏற்ற வேண்டும். செயலியே படித்துப் பார்த்து மதிப்பெண் போடும். அது நாலு நாற்பதுக்குத்தான் திறக்கும், நாலு ஐம்பதுக்கு மூடிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வகுப்பையும் ஒரு படம் எடுக்க வேண்டும். அதில் செயலி தலைகளை எண்ணும். முப்பத்தெட்டுக்கு ஒன்று குறைந்தாலும் தலைமையாசிரியரின் போன் 'கருத்து இழப்பு' என்று சிவப்பு எழுத்தில் கத்தும்.

முதல் மாதம் முப்பத்தெட்டுப் பேரும் 'மரம் நடலாமா?' எழுதினார்கள். நடலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வசந்த் என்ற பையனின் அப்பா தைலமரம் வெட்டும் குத்தகைக்காரர். அவன் மட்டும் 'வெட்டி முடித்ததும் நடலாம்' என்று எழுதியிருந்தான். செயலி அவனுக்குப் பத்துக்கு ஏழு போட்டு, 'இன்னும் உணர்ச்சியோடு எழுதவும்' என்றது.

ஒன்பதாம் வகுப்பில் பதினோரு பேர் ஓலைக்குடிப் பிள்ளைகள். ஓலைக்குடிக்குச் சாயங்காலம் ஒரே ஒரு டவுன் பஸ். நாலு இருபத்தைந்துக்கு மெயின் ரோட்டில் வேம்பன்வயல் விலக்கில் வந்து நிற்கும். அதை விட்டால் ஏழு பத்து. பொம்பளைப் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது, பஸ்ஸும் கிடையாது என்று ஆகிப்போனது. நாலு ஐம்பதுக்குக் கருத்து முடிந்து, பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள். நடுவில் இரண்டு கிலோமீட்டர் தைலமரக்காடு.

ஐப்பசி பிறந்து பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியதும் அமுதவல்லி தன் ஸ்கூட்டியை அந்தப் பக்கம் திருப்பினார். அவர் வீடு இருப்பது புதுக்கோட்டையில், நேர் எதிர்த் திசை. பிள்ளைகள் முன்னால் நடக்க, இவர் பின்னால் கால் இரண்டையும் தரையில் தேய்த்தபடி லைட்டைப் போட்டுக்கொண்டு காடு முடிகிற வரைக்கும் போய்விட்டுத் திரும்புவார். ஒரு வாரம் போனார். அப்புறம் முழங்கால் வீங்கி டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. அந்த வாரத்தில்தான் ரம்யா என்ற பிள்ளை நின்றுபோனது. முந்திரிக்கொட்டை உடைக்கப் போவதாக மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். பதிவேட்டில் 'நீண்ட நாள் வருகை இன்மை' என்று அமுதவல்லி எழுதினார். தலையைச் சரிக்கட்ட எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைத் தினமும் கடன் வாங்கி உட்கார வைத்தார்கள். அது ஆத்மநாதன் கண்டுபிடித்த ஏற்பாடு.

அமுதவல்லி ஆத்மநாதனிடம் பஸ்ஸைப் பற்றிப் பேசாமல் இல்லை. நாலு தடவை பேசினார்.

"எனக்குத் தெரியாதா டீச்சர்?" என்பார் ஆத்மநாதன். நல்ல மனிதர். அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். "நான் எழுதிக் கேட்டா, 'இதுவரைக்கும் எந்த ஸ்கூலும் கேக்கலையே'ம்பாங்க. நாமதான் மொதல்ல கேட்டதா இருக்கணுமா?"

நவம்பர் மாதத்தில் ஒருநாள். அமுதவல்லிக்குக் காலையிலிருந்து தலைவலி. கரும்பலகையில் 'தூய்மை அவசியமா? (அவசியம்)' என்று எழுதப் போனவர், 'தூய்' வரைக்கும் எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பன்னெண்டையும் மூடி வைங்க" என்றார். "ஒங்களுக்கு என்ன வேணும்? யார்ட்ட கேட்டா அது நடக்கும்? அவுங்க படிச்சா மனசு மாறணும். அப்படி எழுதுங்க."



"டீச்சர், இது கையேட்டுல இருக்கா?" என்று வசந்த் கேட்டான்.

"இல்ல."

"அப்ப மார்க் உண்டா டீச்சர்?"

"தெரியல."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் பத்திரமாக மரம் நடப் போய்விட்டார்கள். ஓலைக்குடி சத்யபிரியா மட்டும் மூன்றாம் பெஞ்சில் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான். அவள் கொடுத்த தாளை அமுதவல்லி நின்றபடியே படித்தார்.

'கருத்து வகுப்பு நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம். இந்த வகுப்பை நாலு பத்துக்குள் முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊருக்கு பஸ் நாலு இருபத்தைந்துக்கு. வகுப்பு முடிவது நாலு ஐம்பதுக்கு. அதனால் பதினோரு பேர் நடந்து போனோம். இப்போது பத்துப் பேர் நடந்து போகிறோம். ரம்யா நின்றுவிட்டாள். அவள் எட்டாம் வகுப்பில் கணக்குக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவள்.

நடப்பது உடம்புக்கு நல்லதுதானே என்று சிலர் சொல்லலாம். சொல்கிறவர்கள் ஒருநாள் எங்களோடு தைலமரக்காட்டு வழியாக நடந்து பார்த்துவிட்டுச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குக் கருத்து வளர வேண்டாமா என்றும் கேட்கலாம். வளர வேண்டும். ஆனால் நாலு பத்து ஆனதும் எனக்கு பஸ்ஸைத் தவிர வேறு கருத்து வருவதில்லை. நாலு இருபத்தைந்துக்கு விலக்கில் ஹாரன் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அந்தக் கருத்தும் வராது.

வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஓடிப் பிடித்துவிடுவோம்.'

அமுதவல்லி இரண்டாம் தடவையும் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தவர், திருத்த ஒன்றும் இல்லாமல் மூடினார். இருபத்தாறு வருடமாக அவர் சொல்லிக்கொடுத்த கட்டுரைகள் எல்லாம் 'முன்னுரை, பொருளுரை, முடிவுரை' என்று கைகட்டி நிற்கும். இது நின்று கண்ணைப் பார்த்துக் கேட்டது.

ஏற்றலாம் என்றால் செயலி தலைப்பு எண் கேட்டது. பன்னிரண்டில் பஸ் இல்லை. கடைசியில் ஒன்பதாவதில் போட்டார்: 'நேரத்தைச் சரியாகப் பயன்படுத்த வேண்டுமா? (வேண்டும்)'. அடைப்புக்குறிக்குள் இருந்ததற்கும் கட்டுரைக்கும் ஒரு முரண்பாடும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஆத்மநாதன் வகுப்புக்கே ஓடிவந்தார். போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"டீச்சர், மாவட்டத்துல மொதோ எடம்! பத்துக்கு ஒம்பது புள்ளி ஆறு! நம்ம சத்யபிரியா! விழா எடுக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு!"

"சார், நீங்க அந்தக் கட்டுரையப் படிச்சீங்களா?"

"படிக்கணுமா? அதான் மார்க் வந்திருச்சுல்ல."

செயலி கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தது. 'மிக வலுவான கோரிக்கை. இதைப் படிப்பவர் உடனே செயல்பட விரும்புவார்.' ரகுநாத் படிக்கவில்லை. ரகுநாத்துக்கு மேலே இருந்தவர்களும் படிக்கவில்லை. மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

விழா ஒரு புதன்கிழமை, மூன்று மணிக்கு. ரகுநாத் நாலு மணிக்கு வந்தார். சால்வை, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாம் முடிந்து சத்யபிரியா கட்டுரையைப் படிக்க மைக் முன்னால் நின்றபோது நாலு இருபது. அவள் 'ஹாரன் சத்தம் கேட்கும்' என்ற வரிக்கு வந்தபோது விலக்கில் நிஜமாகவே ஹாரன் கேட்டது. அவள் நிறுத்தி, அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, அடுத்த வரியைப் படித்தாள்.

படித்து முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. ஆத்மநாதன் குத்துவிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ஓலைக்குடிக்காரர்கள் இரண்டு பேர் ரகுநாத்தைப் பார்த்தார்கள். அமுதவல்லியும் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது எழுதினது வேலை செய்துவிடுமோ என்று அவருக்கு ஓர் ஆசை.

ரகுநாத் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே ஈரமாகத்தான் இருந்தது.

"என்னால பேச முடியலைங்க. இந்தப் பிள்ளை என் மனச மாத்திருச்சு. நான் முழுசா ஒத்துக்கிறேன். வகுப்பு நாலு பத்துக்கு முடியணும். நூத்துக்கு நூறு நியாயம்." கூட்டம் லேசாக அசைந்தது. "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இந்த வகுப்பு வேணாம்னு இவ்வளவு அழகா எழுத, இந்தப் பிள்ளைக்கு எங்கேருந்து வந்துச்சு? இந்த வகுப்புலேருந்து! நாலு பத்துக்கு விட்டிருந்தா, இந்தப் பிள்ளை பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கும். கட்டுரை கிடைச்சிருக்குமா? நாப்பது நிமிஷத்துக்கே இப்படி எழுதுறாங்கன்னா, ஒரு மணி நேரம் குடுத்தா என்ன எழுத மாட்டாங்க? அதனால இந்தப் பிள்ளையோட கருத்துக்கு மரியாதை குடுத்து, வர்ற திங்கக்கெழமையிலேருந்து வேம்பன்வயல்ல மட்டும் வகுப்பை அஞ்சு பத்து வரைக்கும் நீட்டிக்கிறோம்!"

கைதட்டல் பலமாக எழுந்தது. எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிவதற்கு முன்பே தட்டிவிட்டார்கள். பேனா வடிவத்தில் ஒரு ஷீல்டு சத்யபிரியாவின் கையில் கொடுக்கப்பட்டது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

விழாவுக்கு ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர் வந்திருந்தார். வெளியிலிருந்து வந்தவர்களில் அவர் ஒருவர்தான் கட்டுரையைக் காது கொடுத்துக் கேட்டவர். மறுநாள் காலையில் 'கருத்து வகுப்பால் காட்டு வழியில் நடக்கும் மாணவிகள்' என்று தலைப்புப் போட்டு, கீழே ரகுநாத் சிரித்தபடி ஷீல்டு கொடுக்கும் படம் வந்தது.

அன்று காலை ஒன்பது மணியிலிருந்து ஆத்மநாதனின் போன் ஓயவில்லை. அதே நேரத்தில் சத்யபிரியாவின் அம்மா ராக்காயி பள்ளி வாசலில் வந்து நின்றாள். நூறு நாள் வேலைக்குப் போகிற வழியில் வந்தவள். கையில் மண்வெட்டி இருந்தது.

"ஷீல்டு குடுத்தீகளாம்ல டீச்சர். டிவி மேல வச்சிருக்கோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நேத்தும் புள்ள இருட்டுனப்பறந்தான் வந்துச்சு. இனிமே அஞ்சு பத்தாம்ல?"

அமுதவல்லி தலையை ஆட்டினார்.

"டி.சி.ய குடுத்துருங்க டீச்சர். படிப்பு வேணாம்னு நான் சொல்லல. பொழுது எறங்குறதுக்குள்ள புள்ள வீட்டுல இருக்கணும். அவுக அப்பாவும் திருப்பூர்ல இருக்காரு. நான் எங்கிட்டுன்னு போயித் தேடுவேன்?"

"ரெண்டு நாள் பொறுங்க."

"பொறுக்குறேன். அது வரைக்கும் புள்ள வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ராக்காயி வேலைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. இயக்கத்தின் தலைமையிடத்திலிருந்து பரிமளா என்ற அதிகாரி வந்தார். வயதானவர், நிதானமானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. கூடவே ரகுநாத். அவர் முகம் இரண்டு நாளில் சுருங்கியிருந்தது. தலைமையாசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், வகுப்பு எத்தன மணிக்கு முடியுது?" பரிமளா கேட்டார்.

"நாலு அம்பதுக்குங்க மேடம்."

"பேப்பர்ல வந்தது உண்மைன்னு சொல்றீங்க."

"உண்மைதாங்க."

பரிமளா பேனாவை மூடி வைத்தார். "சரி. உண்மைன்னா யாரோ தப்பு பண்ணியிருக்கணும். யாரு?"

"நேரம் மேலேருந்து வந்ததுங்க மேடம்" என்றார் ரகுநாத் அவசரமாக.

"மேல தப்பு நடக்காது. அதுக்கு நடைமுறையே இல்ல."

"அப்ப… நானா மேடம்?"

"இவுங்களுக்கு நீங்களும் மேலதான். ஒங்கள எழுதினா, ஒங்கள யாரு போட்டதுன்னு கேப்பாங்க."

ரகுநாத் மூச்சு விட்டார். மெல்ல அமுதவல்லி பக்கம் திரும்பினார். "டீச்சர் பிள்ளைகள முன்கூட்டியே அனுப்பியிருக்கலாம்…"

"டீச்சர் தப்புன்னு எழுதலாம்" என்று பரிமளா ஒத்துக்கொண்டார். "எழுதினா, தப்பு நடந்துச்சுன்னு ஆயிருமே. மொதல்ல தப்பு நடக்கணும், அப்பறந்தான் அது டீச்சர் தப்பு. யாரு மேலயும் தப்பு இல்லாதப்ப ஒரு தப்பு எப்படி நடக்கும்? அதனால நடக்கல." பேனாவைத் திறந்தார். "வகுப்பு ஆரம்பத்துலேருந்தே கடைசி பீரியட்ல நடக்குது. நாலு பத்துக்கு முடியுது. எந்தப் பிள்ளையும் பஸ்ஸைத் தவறவிடல. மாணவி கற்பனையா எழுதிட்டா. டீச்சர், கீழ ஒரு கையெழுத்து."

அமுதவல்லிக்கு முகம் சுட்டது. அந்தப் பிள்ளை ஒரு பொய்யும் எழுதவில்லை. ரம்யா பொய்யா? தன் முழங்கால் பொய்யா? எழுந்து அப்படியே கத்திவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. களைப்பில் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மேசைமேல் இருந்த அறிக்கையை இன்னொரு தடவை பார்த்தார்.

"எழுதிக்கங்க மேடம்" என்றார். "நாலு பத்துன்னே எழுதிக்கங்க. ஆனா அந்த நிருபர் திங்கக்கெழம நாலேகாலுக்கு வந்து பாத்து, வகுப்பு நடந்துச்சுன்னா?"



பரிமளா கண்ணாடியைக் கழற்றினார். அந்த நாலு மாதத்தில் எந்தக் கட்டுரைக்கும் ஆகாத ஒன்று அப்போது ஆனது. ஓர் அதிகாரி யோசித்தார்.

"ஆமா" என்றார். "ரகுநாத், இன்னைலேருந்து நாலு பத்துக்கு மேல ஒரு நிமிஷம் நடக்கக் கூடாது. நடந்தா ரிப்போர்ட் பொய்யாயிரும்."

"மேடம், செயலி நாலு நாப்பதுக்குத்தான் தொறக்கும்…"

"செயலிய மாத்துங்க."

"அது ஸ்டேட் லெவல்ல பேசணும் மேடம். கமிட்டி போட்டு…"

"ரிப்போர்ட்ட மாத்த முடியாது. வேற எத வேணாலும் மாத்துங்க."

செயலி அன்று சாயங்காலமே மாறியது. ஜூலை மாதத்துப் பழைய தேதி போட்ட சுற்றறிக்கை ஒன்று சனிக்கிழமை காலையில் வந்தது. அதன்படி கருத்து வகுப்பு எப்போதுமே கடைசி பீரியடில்தான் நடந்து வந்திருந்தது. ஆத்மநாதன் அதைக் கோப்பில் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் சொருகி வைத்தார்.

அமுதவல்லி சனிக்கிழமை மத்தியானம் ஓலைக்குடிக்குப் போனார். ராக்காயி வீட்டில் நாலு பத்து என்று சொன்னதும், "மெய்யாத்தானா டீச்சர்? எழுத்துல இருக்கா?" என்றாள். சுற்றறிக்கையின் நகலைக் காட்டினார். தேதியைப் பற்றி ராக்காயி கேட்கவில்லை. திரும்பும்போது ரம்யா வீட்டிலும் இறங்கினார். அந்தப் பிள்ளையின் விரல்கள் முந்திரிக்கொட்டைப் பாலில் வெந்து கறுத்துத் தோல் உரிந்திருந்தன. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "பொங்கலுக்கு அப்பறம் பாப்போம் டீச்சர்" என்றார் அவள் அப்பா. பொங்கலுக்கு அப்புறமும் அவள் வரவில்லை.

திங்கள்கிழமை சத்யபிரியா வந்தாள். ஷீல்டைத் துணிக்கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். உண்மைக்கு மாறான கருத்துக்குக் கொடுத்த ஷீல்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவு. அதோடு மாணவி தன் கருத்தை வாபஸ் வாங்குவதாக எழுதித் தரவும் வேண்டும். ஷீல்டை முனியசாமி வாங்கி, நம்பர் எழுதி, பீரோவுக்கு மேல் வைத்தார்.

கடைசி பீரியடில் அவள் எழுத உட்கார்ந்தாள். எழுத வேண்டியதை ரகுநாத் போனில் அனுப்பியிருந்தார். 'கருத்து வகுப்பு நாலு பத்துக்கு முடிகிறது. நாங்கள் நாலு இருபத்தைந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறோம். நான் முன்பு எழுதியது சரியல்ல.' அவள் இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"டீச்சர், நான் மொதல்ல எழுதுனது பொய்யா?"

"இல்ல."

"அப்ப இது?"

அமுதவல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. "மொத ரெண்டு வரியும் இன்னைக்கிப் பொய் இல்ல. மூணாவது வரிய நான் சொல்லித்தான் எழுதுனேன்னு வச்சுக்க."

அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். "எதப் படிச்சு டீச்சர் அவுங்க மனசு மாறுச்சு? நான் எழுதுனதையா?"

"அவுங்க மனசு மாறலம்மா. டைம்தான் மாறுச்சு."

சத்யபிரியா அதை யோசித்துப் பார்த்தாள். "அது போதும் டீச்சர்" என்று சொல்லி, மூன்றாவது வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முனியசாமி மணி அடித்தார். பத்துப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செம்மண் பாதை நெடுகப் புழுதி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் விலக்கில் ஹாரன் கேட்டது, பஸ் நின்றது, மறுபடி கிளம்பிப் போனது. பாதையில் யாரும் திரும்பி நடந்து வரவில்லை.

அமுதவல்லி வாபஸ் கடிதத்தோடு அனுப்ப வேண்டிய படிவத்தை எடுத்தார். பெயர், வகுப்பு, தலைப்பு எண் எல்லாம் நிரப்பினார். கடைசியில் ஒரு கட்டம். 'மாணவி தன் கருத்தை மாற்றிக்கொண்டதற்கான காரணம் (ஐம்பது சொற்களுக்கு மிகாமல்)'.

'பஸ் கிடைத்தது' என்று எழுதினார். மீதி நாற்பத்தெட்டுச் சொல்லையும் அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.